நூறு பிரதிக்குக் கீழே: எழுபதுகளின் தொலைந்த ராக் குழுக்கள்

1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை. பர்மிங்காமைச் சேர்ந்த நான்கு தொழிலாளி வீட்டுப் பையன்களின் முதல் ஆல்பம் கடைக்கு வந்தது. ஒரே நாளில், சுமார் 600 பவுண்டு செலவில் பதிவு செய்து முடித்த வேலை. குழுவின் பெயர் பிளாக் சபாத். அதற்குப் பிறகு நடந்தது ஊருக்கே தெரியும். ஆனால் அந்த இசைத்தட்டின் நடுவே கறுப்பு வெள்ளைச் சுழல் போட்டிருந்த வெர்டிகோ லேபிள், அடுத்த இரண்டு மூன்று வருடங்களில் வேறு யாரையெல்லாம் வெளியிட்டது என்று கேட்டால் ராக் ரசிகர்களே கொஞ்சம் யோசிப்பார்கள். க்ரெசிடா, கிரேஷஸ், அஃபினிட்டி, மே பிளிட்ஸ், கிளியர் ப்ளூ ஸ்கை, வார்ஹார்ஸ், பேட்டோ, டாக்டர் இசட். இவர்களும் அதே கம்பெனி, அதே மாதிரி விரித்துத் திறக்கும் இரட்டை அட்டை, அதே கடைகள். பெரும்பாலானவர்கள் ஒன்று இரண்டு ஆல்பத்தோடு காணாமல் போனார்கள்.

ஐம்பது வருடம் கழித்து இந்தப் பெயர்களைத் தேடிப் பிடித்துக் கேட்பதற்கென்றே உலகம் முழுக்க ஒரு கூட்டம் இருக்கிறது. அவர்களில் பாதிப் பேர் இசையைத் தேடுகிறார்கள். மீதிப் பேர் விலையைத் தேடுகிறார்கள். இரண்டும் ஒன்றுதான் என்ற எண்ணம் எப்படியோ பரவிவிட்டது. ஒரு தட்டு ஆயிரக்கணக்கான பவுண்டுக்குப் போகிறதென்றால் உள்ளே ஏதோ புதையல் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறோம். அந்த விலை சொல்வது ஒன்றே ஒன்றுதான்: அன்றைக்கு இதை யாரும் வாங்கவில்லை. ஏன் வாங்கவில்லை என்பதற்கான காரணங்களைப் பார்த்தால், அவற்றில் பலவற்றுக்கும் இசைக்கும் சம்பந்தமே இருப்பதில்லை.

முதலில், இவ்வளவு குழுக்கள் எங்கிருந்து வந்தன? அறுபதுகளின் கடைசி வரை இங்கிலாந்தின் பாப் வியாபாரம் சிங்கிள்களை நம்பித்தான் ஓடியது. மூன்று நிமிடப் பாட்டு, வானொலி, வாராந்தர விற்பனைப் பட்டியல். பிறகு எல்.பி. என்ற முழு ஆல்பத் தட்டின் விற்பனை மேலே வந்தது. லெட் செப்பலின் போன்றவர்கள் இங்கிலாந்தில் சிங்கிளே போடாமல் ஆல்பத்தை மட்டும் வைத்துக் கோடிகளை எட்டினார்கள். கல்லூரி மாணவர் சங்கங்கள் ஊர் ஊராகக் கச்சேரி வைத்தன. கோட்டும் டையும் போட்ட கம்பெனி அதிகாரிகளுக்கு இந்த நீள முடிக்காரர்களின் இசை புரியவில்லை; விற்கிறது என்பது மட்டும் புரிந்தது. ஆகவே ஒவ்வொரு பெரிய கம்பெனியும் இதற்கென்று தனி லேபிளை வைத்துக்கொண்டது. பிலிப்ஸுக்கு வெர்டிகோ, இ.எம்.ஐ.க்கு ஹார்வெஸ்ட், டெக்காவுக்கு டெராம், பைக்கு டான், ஆர்.சி.ஏ.வுக்கு நியான். வெர்டிகோவைத் தொடங்கி நடத்திய ஓலவ் வைப்பர் போன்றவர்களுக்கு யாரை வேண்டுமானாலும் ஒப்பந்தம் செய்துகொள்ளும் சுதந்திரம் ஓரளவு இருந்தது.

கணக்கு எளிமையானது. ஒரு குழுவைச் சில நாட்கள் ஸ்டுடியோவில் விட்டால் ஆல்பம் தயார். பத்துக் குழுவில் ஒன்பது விழுந்தாலும் ஒரு பிளாக் சபாத் எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சம்பாதித்துக் கொடுத்துவிடும். எது அந்த ஒன்று என்று முன்கூட்டியே யாருக்கும் தெரியாது. பிளாக் சபாத்தையே விமர்சகர்கள் அன்று கிழித்துத் தொங்கவிட்டார்கள். ரசிகர்கள்தான் அதை இங்கிலாந்துப் பட்டியலில் எட்டாவது இடத்துக்குக் கொண்டுபோனார்கள். ஆக, விளம்பரத்துக்குப் பெரிய செலவு கிடையாது. எது தானாக ஓடுகிறதோ அதைத் தள்ளு, மற்றதை மற. இந்த ஏற்பாட்டில் நல்ல குழுக்கள் விழுந்தது விபத்து அல்ல. பெரும்பாலானவை விழும் என்ற எதிர்பார்ப்போடுதான் ஏற்பாடே போடப்பட்டது.

விளம்பரத்தில் மிச்சம் பிடித்த காசை அட்டையில் கொட்டினார்கள் என்பதுதான் வேடிக்கை. முதல் பிளாக் சபாத் ஆல்பத்தில், ஆக்ஸ்போர்டுஷயரின் மேப்பிள்டர்ஹாம் தண்ணீர் ஆலைக்கு முன்னால் கறுப்புடை உடுத்த பெண் நிற்கும் படத்தை எடுத்தவர் கீஃப். ராட்டினம் சுற்றுவது போல ஒரு காலத்தில் அவர் லேபிள் லேபிளாகச் சுற்றி அட்டை செய்திருக்கிறார். நிறம் மாறிப்போன வயல்வெளி, ஆளில்லாத கடற்கரை, எதையோ சொல்ல வந்து சொல்லாமல் நிற்கும் உருவங்கள். கேள்விப்படாத குழுவின் அட்டையில் அவர் பெயரைப் பார்த்தால் நான் இன்னமும் ஒருமுறை நின்று புரட்டுவேன்.

நியான் லேபிளில் 1971இல் வந்த ஸ்பிரிங் குழுவின் ஒரே ஆல்பத்துக்கும் அட்டை அவர்தான். மூன்று மடிப்பாக விரியும் அந்த அட்டையில், சிவப்புச் சீருடை போட்ட பழங்காலச் சிப்பாய் நீரோரத்தில் செத்துக் கிடக்கிறான். லெஸ்டரைச் சேர்ந்த ஐந்து பேர் கொண்ட குழு இது. ஐவரில் மூன்று பேர் மெலோட்ரான் வாசித்தார்கள். ப்ரோக்ரசிவ் ராக் என்ற நீளமான, சிக்கலான ராக் வகையில் ஊறியவர்களுக்கு இந்த ஒரு வரி போதும், வாய் ஊறிவிடும். மற்றவர்களுக்கு அந்தக் கருவியைக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

மெலோட்ரான் பார்க்க ஒரு சின்ன ஆர்கன் மாதிரி இருக்கும். பர்மிங்காமில் செய்தது. உள்ளே ஒவ்வொரு கட்டைக்கும் கீழே தனித்தனியாக ஒரு காந்த நாடாத் துண்டு. அதில் நிஜமான வயலின் குழுவோ புல்லாங்குழலோ கோரஸோ அந்த ஒரு சுரத்தை மட்டும் வாசித்துப் பதிந்திருக்கும். கட்டையை அழுத்தினால் நாடா ஓட ஆரம்பிக்கும். ஏறக்குறைய எட்டு நொடி ஓடும். அப்புறம் நாடா முடிந்துவிடும், சத்தம் நின்றுவிடும். கையை எடுத்தால் சுருள்வில் நாடாவைப் பின்னுக்கு இழுத்துப் பழைய இடத்தில் வைக்கும். ஆகவே எட்டு நொடிக்கு மேல் ஒரு சுரத்தைப் பிடித்து வைக்க முடியாது. விரல் ஓயாமல் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். மோட்டார் சீராகச் சுற்றாவிட்டால் சுருதி லேசாக ஆடும். பழைய வானொலியில் தூர நாட்டு நிலையம் பிடித்தது போன்ற அந்தத் தள்ளாட்டம்தான் அதன் அழகே. ஸ்பிரிங் ஆல்பத்தில் மூன்று பேர் சேர்ந்து இந்தத் தள்ளாட்டத்தை அடுக்கும்போது, பின்னணியில் ஒரு முழு வாத்தியக் குழு தூக்கத்தில் வாசிப்பது போல இருக்கும். பாட்டுகள் எளிமையானவை, சோகமானவை. அலட்டல் கிடையாது. எல்டன் ஜானின் ஆல்பங்களைத் தயாரித்த கஸ் டட்ஜன்தான் இதற்கும் தயாரிப்பாளர். வேல்ஸில் உள்ள ராக்ஃபீல்டு ஸ்டுடியோவில் பதிவு.

இவ்வளவு இருந்தும் விற்கவில்லை. நியான் லேபிளே பதினோரு ஆல்பத்தோடு மூடப்பட்டுவிட்டது. லேபிள் மூடினால் குழுவின் தட்டைக் கடையில் கேட்கவோ மறுபடி அச்சடிக்கவோ ஆள் கிடையாது. கதை முடிந்தது.

சில குழுக்களுக்கு அது கூட வாய்க்கவில்லை. லீஃப் ஹவுண்ட் என்ற லண்டன் குழு, பிளாக் கேட் போன்ஸ் என்ற ப்ளூஸ் குழுவின் மிச்சத்திலிருந்து வந்தது. அதே பிளாக் கேட் போன்ஸிலிருந்து இதற்கு முன்பே இரண்டு பேர் விலகிப் போய் ஃப்ரீ குழுவைத் தொடங்கி உலகப் புகழ் பெற்றுவிட்டார்கள். எஞ்சியவர்கள் பாடகர் பீட்டர் ஃபிரெஞ்சைச் சேர்த்துக்கொண்டு பதிவு செய்த ஆல்பத்தை டெக்கா 1971இன் பிற்பகுதியில் வெளியிட்டது. அதற்குள் குழுவே கலைந்துவிட்டது! பாடகர் அட்டாமிக் ரூஸ்டரில் சேர்ந்து, அங்கிருந்து அமெரிக்காவின் கேக்டஸ் குழுவுக்கும் போய்விட்டார். கச்சேரி செய்ய ஆளில்லாத குழுவின் தட்டை யார் வாங்குவார்கள்? இன்றைக்கு அதன் முதல் அச்சு ஆயிரக்கணக்கான பவுண்டுக்குப் போகிறது. இங்கே மட்டும் விலையும் இசையும் ஓரளவு ஒத்துப்போகின்றன என்று ஒப்புக்கொள்கிறேன். திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கு, அதாவது ரிஃப், ஒவ்வொன்றும் கனமானது, ஆனால் சோம்பல் கிடையாது. ஃபிரெஞ்சின் குரல் அடிவயிற்றிலிருந்து வருகிறது.

இன்னும் மோசம் நெக்ரோமேண்டஸின் நிலைமை. வடமேற்கு இங்கிலாந்தின் கம்பிரியா பகுதிக்காரர்கள். பிளாக் சபாத்தின் கிட்டாரிஸ்ட் டோனி அயோமியே இவர்களைப் பிடித்துப்போய் மேலாளராகவும் தயாரிப்பாளராகவும் நின்றார். 1973இல் வெர்டிகோவுக்காக ஆல்பம் பதிவாகி முடிந்தது. வெளிவருவதற்கு முன் கிட்டாரிஸ்ட் பாஸ் டன்னரி விலகினார். கம்பெனி ஆல்பத்தை அப்படியே கிடப்பில் போட்டது. அது வெளியே வர 1999 வரை ஆனது. கேட்டுப் பார்த்தால் சபாத்தின் நிழல் தெரியும்தான், ஆனால் டன்னரியின் விரல்கள் ஜாஸ் பக்கம் ஓடிக்கொண்டே இருக்கும். அயோமி ஏன் மயங்கினார் என்பதற்கு அது போதும்.

கம்பெனிக்கே போகாதவர்கள் இன்னொரு வகை. ஊரில் ஒரு சின்ன ஸ்டுடியோவில் பதிவு செய்து, சொந்தக் காசில் அச்சடித்து, நண்பர்களுக்குக் கொடுத்தவர்கள். இங்கிலாந்தில் இப்படி வந்த தட்டுகள் பலவும் 99 பிரதி என்று கணக்குச் சொல்லும். 99 ஏதோ மாய எண் இல்லை. நூறுக்குக் கீழே அச்சடித்தால் பர்ச்சேஸ் டாக்ஸ் என்ற அன்றைய வரி கிடையாது, அவ்வளவுதான். 1973 ஏப்ரலில் வாட் வந்தபோது அந்த வரி ஒழிந்தது. நார்தாம்ப்டனைச் சேர்ந்த டார்க் என்ற குழு 1972இல் அச்சடித்தது அறுபத்துச் சொச்சம் பிரதிகள்தான். இன்று உலகத்திலேயே விலை அதிகமான ராக் தட்டுகளின் பட்டியல்களில் அந்தப் பெயர் தவறாமல் வரும். அதன் ஃபஸ் கிட்டார், அதாவது கரகரவென்று சிதறி ஒலிக்கும் கிட்டார், நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஐயாயிரம் பிரதி அச்சடித்திருந்தால் இந்தப் பேச்சில் பத்தில் ஒரு பங்குகூட இருந்திருக்காது.

எல்லாவற்றுக்கும் மேல் 1973இன் கடைசியில் எண்ணெய் நெருக்கடி வந்தது. எல்.பி. செய்யும் பி.வி.சி. பெட்ரோலியத்திலிருந்து வருவது. மூலப்பொருள் கிடைக்காமல் கம்பெனிகள் திணறின. மெதுவாக விற்கும் தட்டுகளைப் பட்டியலிலிருந்து நீக்கின. விற்காமல் திரும்பி வந்தவற்றை உருக்கிப் புதுத் தட்டு செய்வதும் நடந்தது. கிடங்கில் தூங்கிக்கொண்டிருந்த தோல்விக் குழுவின் தட்டு உருகி, வேறு யாருடைய வெற்றிப் பாடலாகவோ வெளியே போயிருக்கும்.

சரி, விலைக்கு வருவோம். சேகரிப்பாளர்கள் வெர்டிகோ வரிசையில் மிக அரியது என்று கொண்டாடுவது டாக்டர் இசட்டின் 1971 ஆல்பம். வெறும் எண்பது பிரதிகள்தான் விற்றன என்று ஒரு கதை வாய்வழியாகவே சுற்றிக்கொண்டிருக்கிறது. உண்மையோ பொய்யோ, கதைக்கே தனியாக ஒரு சந்தை மதிப்பு வந்துவிட்டது. அட்டை அற்புதமானது, பார்னி பபிள்ஸ் வடிவமைத்தது. இசை? ஹார்ப்சிகார்டும் பியானோவும் முன்னால் நிற்க, ஆன்மாவைப் பற்றிய பாட்டுகளை விறைப்பான குரலில் பாடுகிறார்கள். இரண்டு தடவை மரியாதையோடு கேட்கலாம். அதே சுழல் லேபிளில் வந்த க்ரெசிடாவின் இரண்டாவது ஆல்பத்தை இருபது தடவை கேட்கலாம்; ஆர்கனும் வாத்தியக் குழுவும் சேர்ந்து வளரும் விதத்தில் ஒவ்வொரு முறையும் ஏதாவது புதிதாகக் காதில் விழும். விலைப்பட்டியல் இந்த வித்தியாசத்தைச் சொல்லாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், ரசிகர்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. இந்தத் தொலைந்த ஆல்பங்களில் கணிசமானவை தொலைந்தது நியாயம்தான். முதல் பக்கத்தில் இரண்டு நல்ல பாட்டு. இரண்டாம் பக்கத்தில் போகும் வழி தெரியாத பன்னிரண்டு நிமிட ப்ளூஸ், நடுவில் டிரம்ஸ் தனி ஆவர்த்தனம். நம்மூர் கச்சேரித் தனியில் கேட்பவருக்குக் கணக்கின் பிடி இருக்கும். இங்கே பல சமயம் மற்றவர்கள் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தை நிரப்பும் வேலைதான்.

பிறகு இவை எப்படித் திரும்பி வந்தன? ஒரே பாதையில் அல்ல. 1979இல் லண்டனைச் சேர்ந்த நர்ஸ் வித் வூண்ட் என்ற குழு தன் முதல் ஆல்பத்தோடு ஒரு தாளை வைத்தது. தங்களைப் பாதித்த இசைக்கலைஞர்கள் என்று ஏறக்குறைய 290 பெயர்கள். விளக்கம் கிடையாது, பெயர்கள் மட்டும். ஜெர்மனி, பிரான்ஸ், இத்தாலி, ஜப்பான் என்று எங்கெங்கிருந்தோ யாரும் கேள்விப்படாத குழுக்கள். பாதி கற்பனைப் பெயராக இருக்கும் என்றுகூடச் சிலர் சந்தேகப்பட்டார்கள். அந்தத் தாளை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தேடுவதையே வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டவர்கள் உண்டு. அது ஒரு வழி.

இன்னொரு வழி கனமான இசை பக்கத்திலிருந்து. 1980களில் அமெரிக்க மெட்டல் குழுவான மெட்டாலிகா, வேல்ஸின் கார்டிஃபைச் சேர்ந்த பட்ஜி குழுவின் பாட்டுகளை எடுத்துப் பாடியது. பட்ஜியைத் தெரியாத லட்சக்கணக்கான பையன்கள் யார் இவர்கள் என்று தேடினார்கள். அடுத்த தலைமுறையில் டூம், ஸ்டோனர் என்ற மெதுவான, கனமான ராக் வகைக் குழுக்கள் பிளாக் சபாத்தைத் தாண்டித் தங்கள் பாட்டன்களைத் தேட ஆரம்பித்தன. கதீட்ரல் குழுவின் பாடகர் லீ டோரியன் தன் ரைஸ் அபவ் லேபிளுக்குள் பழைய தட்டுகளுக்கென்றே ஒரு கிளை வைத்து, நெக்ரோமேண்டஸ், ஸ்டீல் மில் போன்றவர்களை ஒழுங்கான குறிப்புகளோடு மறுபடி வெளியிட்டார். வர்ஜீனியாவின் பென்டகிராம் 1971இலிருந்து வாசித்தும் 1985 வரை ஓர் ஆல்பம் போட முடியாமல் கிடந்த குழு; அதன் எழுபதுகள் பதிவுகள் ஒழுங்காகத் தொகுக்கப்பட்டது இந்த நூற்றாண்டில்தான்.

இத்தாலிக்கு நடந்தது தனிக் கதை. வான் டெர் கிராஃப் ஜெனரேட்டர் என்ற இங்கிலாந்துக் குழுவின் ஓர் ஆல்பம் சொந்த நாட்டில் பட்டியலில்கூட ஏறாமல், 1972இல் இத்தாலியில் வாரக்கணக்கில் முதலிடத்தில் இருந்தது. ஓபராவில் ஊறிய காதுகளுக்கு இருபது நிமிட நாடகத்தனமான ராக் விசித்திரமாகப் படவில்லை போலும். மளமளவென்று உள்ளூர்க் குழுக்கள் முளைத்தன. பி.எஃப்.எம்., பாங்கோ இரண்டும் பிழைத்துக்கொண்டன. மற்ற பலரும் ஓர் ஆல்பம், அதோடு சரி.

அதில் மூசேயோ ரோசன்பாக் விழுந்த விதம் பார்க்க வேண்டியது. வடமேற்குக் கடலோரமான லிகூரியாவைச் சேர்ந்தவர்கள். 1973இல் ஜெர்மன் தத்துவவாதி நீட்சேயின் ஜாரதுஸ்த்ரா நூலை வைத்து ஒரு பக்கம் முழுக்க ஓடும் இசைத்தொடர் செய்தார்கள். அட்டை கறுப்பு, நடுவில் பல படத் துண்டுகளை ஒட்டிச் செய்த முகம். அந்தத் துண்டுகளில் ஒன்று முசோலினியின் மார்பளவுச் சிலை. இடதுசாரி வலதுசாரி மோதலில் தெருவில் குண்டு வெடித்துக்கொண்டிருந்த இத்தாலியில், நீட்சே, கறுப்பு அட்டை, முசோலினி மூன்றும் சேர்ந்தால் என்ன ஆகும்? ஃபாசிஸ்ட் குழு என்று முத்திரை விழுந்தது. அரசு வானொலி ஒதுக்கியது. குழு கலைந்தது. மெலோட்ரானும் ஹேமண்ட் ஆர்கனும் இவ்வளவு முரட்டுத்தனமாக மோதிக்கொள்ளும் ஆல்பங்கள் அந்த வருடத்தில் ஐரோப்பாவிலேயே அதிகம் இல்லை. இசையைக் கேட்டுத் தீர்ப்புச் சொன்னவர்கள் அன்று மிகக் குறைவு. அதன் டிரம்மர் ஜான்கார்லோ கோல்ட்சி பிறகு மாத்தியா பாசார் என்ற பாப் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவராகி, 1978இல் சான்ரெமோ இசைப் போட்டியை வென்றார். அதே 1973இல் ரோமின் செமிராமிஸ் குழுவுக்குப் பாடிக் கிட்டார் வாசித்த மிகேலே சரீல்லோவுக்கு வயது பதினாறு. அவரும் பின்னாளில் காதல் பாட்டுப் பாடகராகத்தான் புகழ்பெற்றார். சொந்த நாடே இந்தக் கட்டத்தை மறந்திருந்தபோது ஜப்பான்காரர்கள் மறக்கவில்லை. கிங் ரெக்கார்ட்ஸ் உரிமம் வாங்கி அட்டை, தாள், எழுத்து எல்லாவற்றையும் அச்சு அசலாக மறுபடி செய்து விற்றது. இத்தாலிக்காரர்கள் தங்கள் நாட்டுத் தட்டை ஜப்பானிலிருந்து வரவழைக்கும் நிலை வந்தது.

ஐரோப்பாவோடு நிறுத்திக்கொள்கிறவர்கள் இழப்பது நிறைய. ஆப்பிரிக்காவில் ஜாம்பியா 1964இல் சுதந்திரம் பெற்றது. நாட்டின் வருமானம் பெரும்பாலும் செம்பு. அறுபதுகளின் கடைசியில் செம்பு விலை நன்றாக இருந்தது. சுரங்க நகரங்களில் பையன்கள் கையில் காசும் மின்சாரக் கிட்டாரும் வந்தன. வானொலியில் 95 சதவீதம் ஜாம்பிய இசைதான் ஒலிக்க வேண்டும் என்று அதிபர் கென்னத் கவுண்டா உத்தரவு போட்டது உள்ளூர்க் குழுக்களுக்கு வசதியாகப் போனது. ஜிமி ஹெண்ட்ரிக்ஸின் ஃபஸ், ஜேம்ஸ் பிரௌனின் தாளம், ஊர்ப் பாட்டின் சாயல் எல்லாம் கலந்து வந்ததை ஜாம்ராக் என்றார்கள். விட்ச், அமனாஸ், பால் எங்கோசியின் எங்கோசி ஃபேமிலி, முசி ஓ துன்யா. விட்ச் குழுவின் பாடகர் இமான்யியோ சாண்டாவை ஊரே ‘ஜகாரி’ என்றது; ரோலிங் ஸ்டோன்ஸ் பாடகர் மிக் ஜாகரின் பெயரை ஆப்பிரிக்கமாக்கியது அது.

பத்து வருடம்கூட நிற்கவில்லை. 1973இல் ரொடீசியாவுடனான (இன்றைய ஜிம்பாப்வே) எல்லை மூடப்பட்டது. எழுபதுகளின் நடுவில் செம்பு விலை சரிந்தது. பக்கத்து நாட்டு விடுதலைப் போரின் குண்டுகள் எல்லை தாண்டி விழ, ஊரடங்கும் இருட்டடிப்பும் வந்தன; இரவுக் கச்சேரிகள் பகலுக்கு மாறின. பிறகு டிஸ்கோ. அதற்கும் பிறகு, எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும், எய்ட்ஸ் அந்தத் தலைமுறை இசைக்காரர்களில் பலரை வாரிக்கொண்டு போனது. ஜகாரி ஆசிரியராக இருந்தார். பின்னர் ரத்தினக் கல் தோண்டப் போனார். 2010களின் தொடக்கத்தில் நவ் அகெய்ன் என்ற அமெரிக்க லேபிள் விட்ச்சின் பதிவுகளைத் தொகுத்து வெளியிட்டபோது, தன் பாட்டைக் கேட்கும் பையன்கள் ஐரோப்பாவில் இருக்கிறார்கள் என்று அறுபது வயதில் அவருக்குத் தெரிய வந்தது. இப்போது ஐரோப்பிய இளைஞர்களைச் சேர்த்துக்கொண்டு சுற்றுப்பயணம் போகிறார். 2023இல் விட்ச் பெயரில் புது ஆல்பமும் வந்தது.

நம் பக்கத்திலும் இப்படி ஒரு மெல்லிய இழை உண்டு. 1970, 71இல் ஒரு சிகரெட் பிராண்டு நடத்திய சிம்லா பீட் போட்டியில் கலந்துகொண்ட இந்தியக் குழுக்களின் பதிவுகள் இரண்டு எல்.பி.யாக வந்தன, மெட்ராஸின் கன்ஃப்யூஷன்ஸ் அதில் உண்டு. பின்னாளில் மேற்கத்தியச் சேகரிப்பாளர்கள் அவற்றைத் தேடி மறுபடி அச்சடித்தார்கள். ஜாம்பியாவுக்குப் போன அதே நவ் அகெய்ன், பம்பாயின் அட்டாமிக் ஃபாரஸ்ட் குழுவின் பதிவுகளையும் வெளியிட்டது. ஹியூமன் பாண்டேஜ் என்ற குழுவில் டிரம்ஸ் அடித்த ரமேஷ் ஷோத்தம் மெட்ராஸில் பிறந்தவர். ராக் முடிந்த பிறகு தவில் கற்றுக்கொண்டு ஜெர்மனியில் குடியேறினார். அவர் எடுத்த பாதைதான் எனக்கு இந்த வரலாற்றிலேயே மிகவும் பிடித்தது.

இனி, புதிதாகத் தேடக் கிளம்புகிறவருக்கு. பட்டியலை விடுங்கள், அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள். அங்கே பெயர்கள் இருக்கும். பிளாக் சபாத்தின் முதல் மூன்று ஆல்பத்தைத் தயாரித்தவர் ராட்ஜர் பெய்ன். அவரைப் பின்தொடர்ந்தால் பட்ஜியின் முதல் ஆல்பம் கிடைக்கும், ஜூடாஸ் பிரீஸ்டின் முதல் ஆல்பம் கிடைக்கும். 1971இல் நியான் லேபிளில் வந்த இண்டியன் சம்மரும் கிடைக்கும். கோவென்ட்ரி ஊர்க் குழு; ஹேமண்ட் ஆர்கன் இருண்ட மேகம் மாதிரி கவிந்து நிற்கும் ஆல்பம். அதில் பாடி ஆர்கன் வாசித்த பாப் ஜாக்சன் 1974இல் பேட்ஃபிங்கர் குழுவில் சேர்ந்தார். மேலே சொன்ன ஸ்பிரிங்கின் டிரம்மர் பிக் விதர்ஸ் பின்னாளில் டயர் ஸ்ட்ரெயிட்ஸின் டிரம்மர். பாடகர் பாட் மோரன் அதே ராக்ஃபீல்டில் ஒலிப்பதிவாளராகி, 1977இல் ரஷ் குழுவின் ஆல்பத்தில் வேலை செய்தார். ஹை டைட் என்ற குழுவின் 1969 ஆல்பத்தில் கிட்டாரோடு மல்லுக்கட்டும் வயலினை வாசித்த சைமன் ஹவுஸ் ஹாக்விண்ட் குழுவுக்குப் போய், அங்கிருந்து டேவிட் போவியின் மேடைக்குப் போனார். ஒரு பெயர் இன்னொரு பெயரைக் காட்டிக்கொடுக்கும். யூடியூப் பரிந்துரை ஒரே மாதிரியான சத்தத்தைத்தான் அடுத்தடுத்து நீட்டும். இந்தப் பெயர்ச் சங்கிலி உங்களை எதிர்பாராத இடத்தில் கொண்டுபோய் விடும்.

வாங்குவதாக இருந்தால் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். முதலாவது, ஸ்டுடியோவின் மூல நாடாவான மாஸ்டர் டேப்பிலிருந்து எடுத்ததா, இல்லை யாரோ ஒருவருடைய பழைய தட்டைச் சுழலவிட்டுப் பதிந்ததா என்பது. இரண்டாவது வகை எக்கச்சக்கம். டேப்பே தொலைந்துவிட்ட குழுக்களுக்கு வேறு வழியில்லை, ஆனால் அதை அட்டையில் சொல்லிவிடுவதுதான் நேர்மை. எதுவும் எழுதாத மறுவெளியீடு என்றால் சந்தேகப்படுங்கள். இரண்டாவது, காசு வாசித்தவர்களுக்குப் போகிறதா என்பது. குழுவே கலைந்து, கம்பெனியும் கை மாறி, வாரிசு யாரென்றே தெரியாத தட்டுகளை உரிமம் இல்லாமல் அச்சடித்து விற்பது தொண்ணூறுகளில் ஒரு தனித் தொழிலாகவே நடந்தது. குழுவினரின் பேட்டியும் புகைப்படமும் உள்ளே இருந்தால் பெரும்பாலும் அவர்களைக் கண்டுபிடித்துப் பேசித்தான் செய்திருக்கிறார்கள் என்று நம்பலாம்.

அரியது என்ற சொல்லுக்கு மவுசு கூடியதும் அரியவற்றைத் தயாரிக்கவும் ஆள் வருவார்கள் அல்லவா? 1996 வாக்கில் ஜெர்மன் ராக் சிடிகள் சில வெளிவந்தன. எழுபதுகளில் பிரமிட் என்ற லேபிளில் மிகச் சில பிரதிகள் மட்டும் அச்சான தட்டுகளின் மறுவெளியீடு என்று சொன்னார்கள். அந்த அசல் தட்டுகளைக் கண்ணால் பார்த்தவர் யார் என்ற கேள்விக்குத் திருப்தியான பதில் வரவில்லை. அவை நிஜமாகவே எழுபதுகளில் பதிந்தவையா, தொண்ணூறுகளில் உட்கார்ந்து செய்தவையா என்று சேகரிப்பாளர்கள் இன்றும் சண்டை போடுகிறார்கள். சண்டையை ஓரமாக வைத்துவிட்டுக் கேட்டால், அவற்றில் ஒன்றிரண்டு நன்றாகவே இருக்கின்றன.